காயலான் கடைக்கும் காட்சிக்கூடத்துக்கும் நடுவே

2025 ஆகஸ்டில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. 20 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க இனி 10,000 ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன்பு இதே வேலைக்கு 600 ரூபாய்தான். அந்த ஏப்ரலில் 15 ஆண்டு கடந்த கார்களுக்கு அதை 5,000 ஆக்கினார்கள். இப்போது 20 கடந்தவற்றுக்கு இரட்டிப்பு. செய்தி ஒருநாள் ஓடி அடங்கிவிட்டது. பழைய கார் ஓட்டுகிறவர்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

பழைய கார் என்றதும் அரசின் கண்ணுக்கு இரண்டு பேர்தான் தெரிகிறார்கள். ஒருவர், புது வண்டி வாங்க வழியில்லாமல் புகை கக்கும் வண்டியை ஓட்டுகிறவர். இன்னொருவர், பங்களாக் கொட்டகையில் ரோல்ஸ்ராய்ஸை மூடி வைத்திருப்பவர். முன்னவரை வழிக்குக் கொண்டுவரக் கட்டணம். பின்னவருக்குத் தனி எண்பலகை. இந்த இருவருக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. அப்பா வாங்கிய பத்மினி காரை விற்க மனமில்லாத வங்கி ஊழியர், பணி ஓய்வுக்குப் பின் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைத் தேடிப் பிடித்த ஆசிரியர், முதல் சம்பளத்தில் பழைய மாருதி 800 வாங்கிய மென்பொருள் இளைஞர், லேத் பட்டறை வைத்திருப்பவர் என்று பலதரப்பட்டவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒருவர் வண்டியின் பானட்டுக்குள் இன்னொருவர் தலையை விட்டுக்கொண்டிருப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

விண்டேஜ் வண்டிகளுக்கென்று 2021 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. வாடகைக்கோ அன்றாடப் புழக்கத்துக்கோ ஓட்டக் கூடாது. இவற்றுக்கு ஒத்துவந்தால் 20,000 ரூபாய் கட்டி, எண்ணின் நடுவே ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு பத்தாண்டுக்குப் பதிவு செய்துகொள்ளலாம். நல்ல விதி, நாங்கள் வரவேற்றோம். சிக்கல் அந்த 50-இல் இருக்கிறது. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி டெல்லிவாசி ஒருவரிடம் கொடுத்தார். அந்த முதல் தொகுதி வண்டிகளே 2033 டிசம்பரில்தான் விண்டேஜ் ஆகும். 2014 மே மாதம் வங்கத்தின் உத்தர்பாராவில் உருவான கடைசி அம்பாசிடர்கள் 2064 வரை காத்திருக்க வேண்டும். சாதாரணப் பதிவோ 15 ஆண்டுக்குத்தான் செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சான்று (எஃப்.சி.) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 15-ஆம் ஆண்டில் தொடங்கி 45-ஆம் ஆண்டு வரை ஏழு முறை. இன்றைய விகிதத்தில் பதிவுக் கட்டணம் மட்டுமே 65,000 ரூபாயை ஒட்டி வந்துவிடுகிறது. பழைய வண்டிகளுக்கான பசுமை வரி, காப்பீடு, ஒவ்வொரு எஃப்.சி.க்கு முன்பும் செய்யும் டிங்கரிங், பெயின்ட் எல்லாம் தனி.

50 வயதில் மாலை போடக் காத்திருக்கும் சட்டம், அந்த வயதை எட்டவிடாமல் வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளுகிறது. 2017-இல் அம்பாசிடர் என்ற பெயரை மட்டும் ஃபிரான்ஸின் பியூஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அந்தப் பெயரோடு ஓடிய வண்டிகள் இரும்பு விலைக்கு எடை போடப்படுகின்றன.

காட்சிக்கூடங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னையில் 2023-இல் திறக்கப்பட்ட ஏவி.எம். பாரம்பரிய அருங்காட்சியகத்திலும் பழைய கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய இடங்கள்தாம். ஆனால் நிற்கிற வண்டிக்குத் துடைக்கத் துணி போதும். ஓடுகிற வண்டிக்குத்தான் மெக்கானிக் வேண்டும், கடைசல்காரர் வேண்டும், ரப்பர் வார்க்கிறவர் வேண்டும், சோபா தைக்கிறவர் வேண்டும். வண்டி நின்றால் இத்தனை பேரின் கைத்தொழிலும் அதோடு நிற்கும்.

எங்கள் வட்டத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். சிறுவயதில் புதுப்பேட்டையில் ஸ்பேனர் பிடித்தவர். அண்மையில் நண்பர் ஒருவரின் பத்மினியில் ஐடிலிங்கில் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம். ஆளுக்கொரு காரணம் சொன்னோம். பாய் நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, முனையை டேப்பட் கவரின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டார். ஒவ்வோர் இடமாக நகர்த்தினார். மூன்றாவது சிலிண்டருக்கு மேல் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். “டேப்பட்டுதான் தம்பி, இங்க கேப் ஜாஸ்தியா இருக்கு. மத்ததெல்லாம் கரெக்டா பேசுது. நீயே கேளு” என்று என்னிடம் நீட்டினார். கேட்டேன். மற்ற மூன்றிலும் தையல் மிஷின்போல ஒரே சீரான ஓசை; மூன்றாவதில் மட்டும் ஒரு தட்டல். கவரைக் கழற்றி ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தபோது அவர் சொன்னது சரியாக இருந்தது. பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, பாயின்ட்டைத் தேய்த்து இடைவெளி வைத்துக் காட்டினார். ஒயர்களைத் திரும்ப மாட்டும்போது “ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு” என்று மென்பொருள் இளைஞரை வாய்விட்டுச் சொல்ல வைத்தார். அது அந்த எஞ்சினின் சிலிண்டர்களில் தீப்பொறி விழும் வரிசை. ஒயர் இடம் மாறினால் வண்டி உதறும், பின்புறம் வெடிக்கும்.

இந்த வித்தையைப் புத்தகத்தில் படித்துவிடலாம்தான். ஆனால் எந்தத் தட்டல் கவலைப்பட வேண்டியது, எது விட்டுவிடக்கூடியது என்பது காதுக்குக் காது போக வேண்டிய பாடம். இப்போதைய பையன்கள் ஸ்கேனரைச் செருகி, அது காட்டும் எண்ணைப் பார்த்து உதிரி மாற்றக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் முன்னால் வரும் வண்டிக்கு அதுதான் வழி; குறை சொல்வதற்கில்லை. கழற்றிப் பார்த்துச் சரிசெய்கிற பழக்கம் எங்காவது ஓரிடத்தில் மிச்சமிருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. அது இப்போது மிச்சமிருப்பது ஞாயிற்றுக்கிழமை நண்பர் வட்டங்களில்.

பழைய காரைத் தனியாளாக வைத்துக்கொள்ள முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். எஞ்சினை இறக்கச் செயின் பிளாக் ஒருவர் வீட்டில் இருக்கும், டார்க் ரெஞ்ச் இன்னொருவரிடம். கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங் கடையில் கிடைப்பதில்லை. பழைய துண்டு ஒன்றை மாதிரியாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் அம்பத்தூரில் டை போட்டு வார்த்துத் தருவார்கள். ஆனால் ஒரு வண்டிக்கு மட்டும் என்றால் கட்டுப்படியாகாது என்பார்கள். பத்துப் பேர் சேர்ந்தால்தான் அந்த வேலை நடக்கும். சித்திரை வெயிலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். பின்னால் வருகிற நண்பர் இறங்கி, ஈரத்துணியைப் பெட்ரோல் பம்ப்பின் மேல் போர்த்தி, பிளாஸ்கில் இருக்கும் காபியை ஊற்றிக் கொடுப்பார். பம்ப் குளிரும்வரை புளியமரத்தடியில் பேச்சு. எங்கள் இன்பம் பெரும்பாலும் இதுதான்; வேகமாகப் போவதில் இல்லை.

ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு இந்தக் கட்டுரையில் தனி இடம் கொடுக்காமல் இருக்க முடியாது. அது சென்னையில் பிறந்த கார். பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டை, வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூர் ஆலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் செய்தது. வடிவமைத்தவர் இத்தாலியர் மிக்கெலோட்டி. பானட்டும் இரு மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். வீட்டில் தாமே பழுது பார்க்க விரும்புகிறவருக்கு அதைவிட வசதியான வண்டி கிடையாது. 948 சிசி எஞ்சினுக்கு வேண்டிய உதிரிகளை இன்றும் பிரிட்டனிலிருந்து தருவித்துக்கொள்ளலாம். அங்கே அதற்கென்றே சங்கங்களும் கடைகளும் இருக்கின்றன. ஆனால் 1960-களின் கடைசியில் இந்தியாவுக்கென்று நான்கு கதவு ஹெரால்டை இங்கே செய்தார்கள். உலகில் வேறெங்கும் அது செய்யப்படவில்லை. அதன் பின்கதவுக்கு ஒரு கண்ணாடியோ கீலோ தேவைப்பட்டால் இலண்டனில் கிடைக்காது. இன்னொரு ஹெரால்டு இங்கே உடைக்கப்பட்டால்தான் உண்டு, அல்லது தகடு அடிக்கத் தெரிந்த ஒரு கை வேண்டும். ஆலை 1980-களின் இறுதியில் மூடப்பட்டுவிட்டது. சென்னையின் தொழில் வரலாற்றில் அதன் பங்கைச் சொல்ல மிஞ்சியிருப்பவை இந்த வண்டிகள்தாம்.

எதிர்வாதம் வலுவானது; அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கார்புரேட்டரும் பாயின்ட்டும் உள்ள, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத வண்டி ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடும் கார்பன் மோனாக்சைடு புது வண்டியைவிடப் பல மடங்கு. டெல்லியின் காற்றை மூச்சில் இழுத்தவர் யாரும், 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கு அங்கே உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்த தடையை வன்மம் என்று சொல்ல மாட்டார். பிரேக், விளக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிப்பதும் நியாயம். ஆனால் காற்றைக் கெடுப்பது வயது மட்டுமா? அன்றாடம் நூறு கிலோமீட்டர் ஓடும் பழைய டீசல் வேனும், மாதத்துக்கு இரண்டு ஞாயிறு மகாபலிபுரம்வரை போய்வரும் பத்மினியும் ஒரே கணக்கில் வரக் கூடாது. ஓட்டும் தூரத்தையும் வயதோடு சேர்த்துப் பார்த்தால், பொழுதுபோக்குக்காக வைத்திருக்கும் வண்டி செய்யும் கேடு மிகச் சிறிது.

பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டதால் இன்னொரு தலைவலியும் சேர்ந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். இரும்பு டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். பம்ப்பின் டயஃப்ரம், பழைய ரப்பர் குழாய்கள் ஊறிப்போய் வெடிக்கும். பெட்ரோல் கசிந்து சூடான எஞ்சினில் சொட்டினால் தீவிபத்துதான். பழைய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். இதில் தள்ளிப்போடுவதற்கு இடமே இல்லை. 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நிறுத்தப்பட்டபோதும் பழைய எஞ்சின்களின் வால்வு சீட்டுகள் தேயும் என்ற அச்சம் இருந்தது. லேத் பட்டறைகள் கடினமான சீட்டுகளை அறைந்து அதைச் சமாளித்தன. கைவேலை தெரிந்தவர்கள் இருந்தால் இதையும் தாண்டலாம்.

பிற நாடுகள் இந்த முடிச்சை எப்படி அவிழ்த்தன? ஜெர்மனியில் 1997 முதல் 30 ஆண்டு கடந்த, அசல் நிலை கெடாத வண்டிகளுக்கு எண்ணின் முடிவில் ‘எச்’ எழுத்து தருகிறார்கள். வல்லுநர் ஒருவர் நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும். பிறகு வரி ஒரே சீரான தொகை. ஆண்டில் சில மாதங்கள் மட்டும் ஓட்டுவதற்கான எண்பலகையும் அங்கே உண்டு. ஓட்டாத மாதங்களுக்கு வரி இல்லை. பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த வண்டிக்குச் சாலை வரியே கிடையாது. ஆண்டுச் சோதனையிலிருந்தே விலக்கு கொடுக்கும் அளவுக்குப் பிரிட்டன் போகிறது. அதை நான் இங்கே பரிந்துரைக்க மாட்டேன். நம் சாலைகளில் பிரேக் சோதனை இல்லாமல் எந்த வண்டியும் வரக் கூடாது.

இந்தியாவுக்கு ஏற்றது ஜெர்மனியின் வழி. 30 ஆண்டு ஆன, அசல் நிலையில் இருக்கிற, வாடகைக்கு ஓடாத கார்களுக்கு ஓர் இடைநிலைப் பிரிவு. ஆண்டுக்கு இவ்வளவு கிலோமீட்டர் என்ற வரம்பு, எஃப்.சி.யின்போது மீட்டரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். புகைச் சான்றும் காப்பீடும் கட்டாயம். பதிவுக் கட்டணம் பழைய 5,000 ரூபாயைத் தாண்டாமல் இருந்தால் போதும். அசல் நிலையைச் சோதிக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் பழைய மெக்கானிக் ஒருவரைப் போக்குவரத்து அலுவலகம் மதிப்பீட்டாளராக அழைக்கலாம். பாய் போன்றவர்களின் அறிவுக்கு அரசு முத்திரையோடு ஒரு மரியாதையும் கூலியும் கிடைக்கும். பக்கத்து ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் மாணவர்களை அன்றைக்கு உடன் நிற்க வைத்தால் இன்னும் நல்லது.

பதிவுக் கட்டணம் மத்திய அரசின் விதி; அதை மாற்ற டெல்லிக்குத்தான் மனுப் போட வேண்டும், காலம் பிடிக்கும். ஆனால் பசுமை வரி மாநில அரசின் கையில் இருக்கிறது. வாகன வரி அரசியல் சட்டப்படி மாநிலப் பட்டியலில் வருவது. அசல் நிலையில் இருந்து, கிலோமீட்டர் வரம்புக்கு உட்பட்டு ஓடும் 30 ஆண்டு கடந்த கார்களுக்கு அந்த வரியைத் தள்ளுபடி செய்ய டெல்லியின் ஒப்புதல் தேவையில்லை. சென்னைக்குச் சொந்தமான நான்கு கதவு ஹெரால்டிலிருந்து தமிழ்நாடு அரசு அதைத் தொடங்கட்டும்.