டயரின் அளவும் அளவையே!

திருவேற்காட்டில் ஒரு பட்டறையில் காருக்கு நான்கு டயர்கள் மாற்றினோம். ஓட்டுநர் கதவோரம் ஒட்டப்பட்டுள்ள அட்டை கூறும் அளவு 185/65 ஆர்15. பொருத்தப்பட்டதோ 185/60 ஆர்15. சுட்டிக்காட்டியபோது, “ஓடும் பாய், ஒன்றும் ஆகாது” என்றார்கள். நண்பர்களோ, “நம்மவர் கடை, பொறுமையாக இருங்கள்” என்றார்கள்.

ஒன்றும் ஆகாதா? அகலம் ஒன்றே என்பதால் கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் சக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 3 விழுக்காடு குறைகிறது. ஓடாத தூரத்தையும் மீட்டர் ஓடியதாகக் கணக்கிடும். டயர் தாங்கும் சுமையும் பொதுவாகக் குறையும். குடும்பத்துடன் பயணிப்பவருக்கு இது அற்பமா?

அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்து ‘அல்முதஃப்பிஃபீன்’ என்னும் அத்தியாயமே அருளப்பட்டுள்ளது. தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதனை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வணிகரை வினவினார்கள். அவர் நம்மவர்தானே என்று கடந்து செல்லவில்லை.

தவறுவது மனித இயல்பு, மன்னிக்கலாம். அறிந்தபின்னும் திருத்த மறுப்பது மோசடி. அதைச் சகிப்பது பொறுமையன்று. அடுத்த வாடிக்கையாளரை ஏமாற்றத் துணைபோவதாகும்.

ஆகவே, டயர் அளவை ரசீதில் எழுதி வாங்குவோம். தவறு நேர்ந்தால் முதலில் தனியே, கண்ணியமாகக் கேட்போம். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைப்போம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தில் முறையிடுவோம். உரிமையைக் கேட்பது பகையன்று; அந்த வணிகரை மறுமைக் கடனிலிருந்து மீட்பதுமாகும்.