பாதியில் மாறினால் இரண்டும் போகுமா?

பொங்கல் விளையாட்டுப் போட்டியில் ஒரே பையன் காலையில் ஓட்டப் பந்தயம் ஓடுவான், மதியம் கபடியில் இறங்குவான், சாயங்காலம் வாலிபால் அணிக்கு ஆள் குறைந்தால் அங்கேயும் போய் நிற்பான். காஞ்சிபுரம் மாவட்டத்தில் புள்ளலூர், உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இது சகஜம். ஆனால் அவன் பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் அறிவுரை தொடங்கிவிடும். “ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வேண்டாம். ஒன்றைப் பிடி, கடைசிவரை விடாதே.” பாதியில் விளையாட்டை மாற்றினால் பழையதும் போகும், புதியதும் வராது என்று பெற்றோர் நம்புகிறார்கள், பி.இ.டி. வாத்தியார்களிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இதற்கு நான்கு காரணங்கள் சொல்லப்படுகின்றன. நான்கையும் வரிசையாகப் பார்த்துவிடலாம்.

முதல் காரணம்: மாறினால் அதுவரை பட்ட பாடு வீண்.

இதற்குப் பதில் சுவீடனில் இருக்கிறது. 1967-இல் பிறந்த மக்தலேனா ஃபோர்ஸ்பெரி முதலில் நெடுந்தூரப் பனிச்சறுக்கு வீராங்கனை. 1987 உலகப் போட்டியில் தொடர் ஓட்ட அணியோடு வெண்கலம் வாங்கியவர். தொண்ணூறுகளில் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பயாத்லானுக்குப் போனார். பனிச்சறுக்கும் குறிபார்த்துச் சுடுதலும் சேர்ந்த விளையாட்டு அது. மூச்சு வாங்க வாங்கச் சறுக்கி வந்து, 50 மீட்டர் தொலைவிலுள்ள ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது இலக்கின் அகலம் 45 மில்லிமீட்டர்தான். நின்று சுடும்போது 115. பெரும்பாலான பந்தயங்களில், ஒரு குண்டு தவறினால் 150 மீட்டர் வளையத்தைக் கூடுதலாக ஒரு முறை சுற்றி வர வேண்டும்.

கால் வலுவும் நுரையீரல் திறனும் அவரிடம் ஏற்கெனவே இருந்தன. புதிதாகக் கற்க வேண்டியது துப்பாக்கியை மட்டும்தான். 1996-97 முதல் 2001-02 வரை தொடர்ந்து ஆறு பருவங்கள் உலகக் கோப்பையின் ஒட்டுமொத்தப் பட்டம் அவருக்கே. உலகக் கோப்பைப் பந்தயங்களில் மட்டும் 42 வெற்றிகள். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில், 34 வயதில், இரண்டு வெண்கலங்கள். பனிச்சறுக்கிலேயே இருந்திருந்தால் அந்த ஒரு தொடர் ஓட்டப் பதக்கத்தோடு பெயர் மறைந்திருக்கவும் கூடும்.

அவர் மட்டும் என்றால் விதிவிலக்கு எனலாம். ஜெர்மனியின் காட்டி வில்ஹெல்ம் 1998 நாகானோ ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு வீராங்கனை; நான்கே ஆண்டுகளில் பயாத்லானில் ஒலிம்பிக் தங்கம். அதே நாட்டின் டெனிஸ் ஹெர்மன் 2014-இல் பனிச்சறுக்குத் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்றார், 2016-இல் மாறினார், 2022 பெய்ஜிங்கில் பயாத்லான் தங்கம் வென்றார்.

இரண்டாவது காரணம்: எதையும் சின்ன வயதிலேயே பிடிக்க வேண்டும்.

இப்படிச் சொல்பவர்கள் குகேஷைக் காட்டுவார்கள். நியாயம்தான். 12 வயதில் கிராண்ட்மாஸ்டர், 18 வயதில் உலக சாம்பியன். சதுரங்கம், ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவற்றுக்குச் சீக்கிரம் தொடங்குவதுதான் வழி, அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் சதுரங்கத்துக்குப் பொருந்தும் விதியை ஓட்டத்துக்கும் தாண்டுதலுக்கும் அப்படியே பொருத்த முடியாது. திருச்சி மாவட்டம் லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் நீளம் தாண்டும் வீரராகத்தான் தொடங்கினார். ராணுவத்தில் சேர்ந்த பிறகே 400 மீட்டர் ஓட்டத்துக்கு வந்தார். 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 45.92 விநாடியில் ஓடி வெண்கலம் வென்றார். டோக்கியோ ஒலிம்பிக்கில் 3 நிமிடம் 00.25 விநாடியில் ஆசியச் சாதனை படைத்த 4x400 மீட்டர் அணியிலும் அவர் உண்டு.

சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு பள்ளியில் விரும்பி ஆடியது வாலிபால். அவருடைய உடற்கல்வி ஆசிரியர்தான் உயரம் தாண்டிப் பார் என்று திருப்பிவிட்டார். ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என மூன்று பாராலிம்பிக்குகளில் மூன்று பதக்கங்கள் வந்தன. ‘வாலிபாலையே பிடித்துக்கொள்’ என்று அந்த ஆசிரியர் சொல்லியிருந்தால் இந்தக் கணக்கு தொடங்கியே இருக்காது.

கிரிக்கெட்டில் வருண் சக்கரவர்த்தி இன்னும் சுவையான ஆள். 17 வயது வரை விக்கெட் கீப்பர். பிறகு ஆட்டத்தையே விட்டுவிட்டுக் கட்டடக் கலை படித்தார், வேலையும் பார்த்தார். திரும்பி வந்தபோது வேகப்பந்து வீசினார். முழங்காலில் அடிபட்டதும் சுழலுக்கு மாறினார். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் மூன்றே ஆட்டங்களில் ஒன்பது விக்கெட். அப்போது அவருக்கு வயது 33.

மூன்றாவது காரணம்: தோற்றவன்தான் மாறுவான்.

ஸ்டினா நில்சன் என்ற பெயரைச் சொன்னாலே இந்த வாதம் ஆட்டம் காணும். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு ஸ்பிரிண்ட் பிரிவில் தங்கம். அதே ஒலிம்பிக்கில் மேலும் இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம். 2019 உலகப் போட்டியில் அணிப் பந்தயங்களில் இரண்டு தங்கம். இவ்வளவும் கையில் இருக்க, நடப்பு ஒலிம்பிக் சாம்பியனாகவே, 2020 மார்ச் மாதம் பயாத்லானுக்குப் போவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு 26 வயது.

ஃபோர்ஸ்பெரி எட்டிய உயரத்தை நில்சன் பயாத்லானில் எட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சுடும் மேடை அவரைப் பலமுறை கீழே இறக்கியது. 2024-இல் மீண்டும் பனிச்சறுக்குக்கே திரும்பினார். மாறினால் வெற்றி நிச்சயம் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் பியோங்சாங் தங்கத்தை யாரும் திரும்பக் கேட்கவில்லை. பழைய பாதையும் அடைபட்டுவிடவில்லை. ‘இரண்டும் போச்சு’ என்று சொல்ல அங்கே என்ன போனது?

நான்காவது காரணம்: அதெல்லாம் வசதியான நாட்டுக்கு, நமக்குச் சான்றிதழும் வேலையும் முக்கியம்.

நான்கில் வலுவானது இதுதான். விவசாயக் கூலி வேலை செய்யும் வீட்டில் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்பது கல்லூரி இடம், அரசு வேலை, குடும்பத்தின் நிலை மாறுவது எல்லாம் சேர்ந்தது. கபடியில் சேர்த்த மாவட்டச் சான்றிதழை வைத்துக்கொண்டு படகுப் போட்டியில் புதிதாகத் தொடங்கு என்றால் அந்த வீட்டார் தயங்குவதில் தவறே இல்லை.

ஆனால் இந்தியாவில் வீரர்களைத் துணிந்து மாற்றிவிடும் அமைப்பு ஒன்று உண்டென்றால் அது ராணுவம். மாதச் சம்பளம் தரும் அரசு வேலையும் அதுவே. நாசிக் மாவட்டத்து தத்து போகனல் கிணறு வெட்டும் குடும்பத்துப் பிள்ளை. 2012-இல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைக் கையில் பிடித்தார். நான்கே ஆண்டுகளில் ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் படகுப் போட்டியில் 13-ஆம் இடம். 2018-இல் ஆசிய விளையாட்டில் அணித் தங்கம். ஆரோக்கிய ராஜீவுக்கும் சீருடைதான் சோறு போட்டது, மாறவும் விட்டது.

சென்னையின் பவானி தேவிக்கும் வாள்வீச்சு கனவில் வந்த விளையாட்டு இல்லை. 2004-இல் பள்ளியில் விளையாட்டுகளுக்குப் பெயர் எடுத்தபோது மற்றவற்றில் இடம் நிரம்பிவிட்டது; மிஞ்சியது வாள்வீச்சு. மூங்கில் குச்சியில் பழகிய அந்தப் பெண்தான் டோக்கியோவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் வாள்வீச்சு வீராங்கனை ஆனார். முதல் சுற்றில் துனிசியாவின் நாடியா பென் அசிசியை 15-3 என்று வென்றார். பெயர் எடுத்த அன்றே ‘இதில் வேலை கிடைக்குமா’ என்று கணக்குப் பார்த்திருந்தால் அவர் வீட்டுக்குத்தான் போயிருப்பார்.

ஆக, மாறுகிற பிள்ளையைக் குறை சொல்வதைவிட, மாறுவதற்கு அவன் கொடுக்கும் விலையைக் குறைப்பதுதான் ஆக வேண்டிய வேலை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் உலகத் திறனாய்வுத் திட்டத்தில் 6, 7, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளை ஓடவும் தாண்டவும் குண்டு எறியவும் வைத்துத் திறமையைத் தேடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் 13 வயதில் தெரியாத உயரமும் தோள்வலுவும் 17 வயதில் தெரியும். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்கும் இதே போல ஒரு சோதனை மாவட்டந்தோறும் வேண்டும். கபடிப் பையனின் மூச்சுத் திறனைப் படகுப் பயிற்சியாளரும், வாலிபால் பெண்ணின் தாண்டலைத் தடகளப் பயிற்சியாளரும் ஒரே மைதானத்தில் நின்று பார்க்க வேண்டும். மாற ஒப்புக்கொள்பவர்களுக்குப் பழைய சான்றிதழின் மதிப்பு இரண்டு ஆண்டுகளாவது குறையாது என்று ஆணையம் எழுதிக் கொடுத்தால், நான்காவது காரணத்தைச் சொல்லும் பெற்றோரில் பாதிப் பேர் தாங்களே பிள்ளையை அழைத்து வருவார்கள்.