ஒரு வரியில் நிற்கும் மொழிமானம்

மென்பொருள்களுக்கு விளக்கநூல் எழுதி இணையத்தில் ஏற்றுவோர் பலர் கையாளும் கருவி சுபிங்க்சு. பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியின் ஆவணங்களுக்கென உருவாகி 2008-இல் வெளிவந்தது அது. அதன் அமைவுக் கோப்பில் மொழியைக் குறிக்கும் வரி ஒன்றுண்டு. அதனை எழுதாது விட்டால், 2022-இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல், கருவி தானே ஆங்கிலம் எனக் கொள்ளும்.

தமிழில் நூலெழுதுவோர் அவ்வரியை மறந்தால் விளைவென்ன? உள்ளே தமிழிருக்க, பக்கமோ தன்னை ஆங்கிலம் என்றே அறிவிக்கும். 'தேடுக', 'அடுத்தது' போன்ற சொற்கள் ஆங்கிலமாகவே நிற்கும். அவ்வறிவிப்பை நம்பும் திரைபடிப்பான் ஆங்கிலக் குரலை எடுக்கும். எடுப்பின், விழியிழந்த தமிழர்க்குத் தாய்மொழி செவிக்கெட்டாமற் போகும். எழுதியவர் தமிழர், கேட்பவர் தமிழர், இடையில் நிற்பதோ ஆங்கிலம்!

இது பகைவர் செய்த தீங்கன்று. அக்கருவி ஏற்கும் மொழிகளின் பட்டியலில் தமிழும் உண்டு. அதன் ஈரெழுத்துக் குறியை இட்டாற் போதும். பெயர்க்கப்படாது எஞ்சும் சொற்களைத் தமிழாக்கி வழங்கவும் எவர்க்கும் வழியுண்டு. கதவு திறந்தே கிடக்கிறது, நுழைவார்தாம் வேண்டும்.

மேடையில் தமிழ் வாழ்கவென முழங்கும் இளைஞர், தம் கோப்பிலும் அதனை ஒரு வரியாய் எழுதுவாராக!