ஒற்றை வரியில் முடித்த பாடம்

31 வருடம் தாவரவியல் பாடம் எடுத்தவன் நான். செல் பிரிதல் வந்தால் குரோமோசோம்களுக்கே இரண்டு பீரியட் போகும். புரோபேஸ், மெட்டாபேஸ், அனாபேஸ், டீலோபேஸ் என்று கலர் சாக்பீஸில் படம் போட்டுக் காட்டுவேன். மணி அடிக்கும் நேரத்தில், "பிறகு செல் இரண்டாகப் பிரிகிறது, எழுதிக்கொள்ளுங்கள்" என்று முடித்துவிடுவேன். அந்த வரியில் தவறில்லை. ஆனால் பாடத்தின் முக்கியமான இடத்தை அவசரத்தில் தள்ளிவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

ரொட்டிக்கும் ஆப்ப மாவுக்கும் போடுகிறோமே, அந்த ஈஸ்டைப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டரில் சுமார் 200 செல்களை வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு சிறியது. அது நடுவில் பிளந்து இரண்டாவதில்லை. தாய் செல்லின் ஓரத்தில் ஒரு மொட்டு கிளம்பி வளரும். இரட்டிப்பான குரோமோசோம்களில் ஒரு பங்கு, குறுகலான வாசல் வழியாக அந்த மொட்டுக்குள் போக வேண்டும். போவதற்குள் வாசலை மூடிவிட்டால் தாயிடம் இரண்டு உட்கரு, மகளிடம் ஒன்றுமில்லை.

இதைத் தடுக்க அந்தச் சின்ன செல் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. குரோமோசோம்களை இழுக்கும் கதிருக்கு இரண்டு முனைகள். மொட்டுக்குப் போக வேண்டிய முனையில் டெம்1 என்ற புரதம் உட்கார்ந்திருக்கும். முனை தாய் பக்கம் இருக்கும்வரை அதற்குப் பிரேக். அந்தப் பிரேக் விடாமல் பார்த்துக்கொள்வது தாய் செல்லில் உள்ள கின்4 என்ற புரதம். முனை வாசலைத் தாண்டி மொட்டுக்குள் நுழைந்த பிறகுதான் பிரேக் விடுபடும். அப்புறம் சிடிசி14 என்ற நொதி, நியூக்ளியோலஸில் அடைபட்டிருந்தது வெளியே வந்து வேலையை முடித்துவைக்கும். வாசலில் உள்ள வளையம் சுருங்கும், கைட்டின் சுவர் எழும்பும். கடைசியில் அந்தச் சுவரைக் கரைக்கும் நொதியைத் தயாரிப்பது மகள் செல். தாயின் மேல் ஒரு தழும்பு மட்டும் நிற்கும்.

அமெரிக்காவில் சியாட்டிலில் லேலண்ட் ஹார்ட்வெல், 23 டிகிரியில் ஒழுங்காக வளர்ந்து 36 டிகிரியில் பாதியில் நின்றுபோகும் ஈஸ்ட்களைத் தேடிப் பிடித்தார். எந்த மரபணு கெட்டால் எந்த இடத்தில் நிற்கிறது என்று 1970-களில் வரிசைப்படுத்தினார். 2001-ல் பால் நர்ஸ், டிம் ஹன்ட் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். "ஈஸ்டைப் போய் ஆராய்ச்சி பண்ணி என்ன ஆகப் போகிறது?" என்பவர்களுக்கு என் பதில்: அவர் கண்ட செப்டின் வகைப் புரதங்கள் நம் உடல் செல்களிலும் இருக்கின்றன. பங்கீடு பிசகிக் குரோமோசோம் எண்ணிக்கை மாறிப்போன செல்களைப் பல புற்றுநோய்களில் பார்க்கிறார்கள்.

ஆகவே, இன்று பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தக் கடைசி வரிக்கு ஒரு முழு பீரியட் கொடுங்கள். முடிவு தானாக வருவதில்லை, பங்கு போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகே வருகிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.

எனக்கே அது தெரிந்திருக்கவில்லை. ஓய்வு பெற்ற நாளில் ஆய்வகச் சாவி, பீரோ, பொருள் பட்டியல் எல்லாவற்றையும் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தேன். எந்த ஜாடிக்கு எப்போது ஃபார்மலின் ஊற்ற வேண்டும் என்பது மட்டும் என் தலைக்குள்ளேயே இருந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து விசாரித்தபோது, நான் சேகரித்த மாதிரிகளில் பாதி வீணாகியிருந்தன. குறை என்னுடையதுதான்.

நேற்று மனைவியிடம், "பாஸ்புக், பென்ஷன் புத்தகம் எல்லாம் எங்கே இருக்கு, சொல்லு பார்ப்போம்" என்றேன். இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் வேறு பீரோவைக் காட்டினாள். உட்காரவைத்து முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். நீங்களும் இன்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.