பீதி வேண்டாம் என்று சொல்ல இவர்கள் யார்?

பல்வலி என்று போனவர்கள் உயிரை விட்டார்கள். வாணியம்பாடியில் ஒரு பல் மருத்துவமனைக்குப் போய்வந்த பத்துப் பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று வந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். இது நடந்தது 2023ஐ ஒட்டி. நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியவந்தது 2025இல். அதுவும் லான்செட் குழுமத்தின் ஆங்கில ஆய்விதழில் மருத்துவர்கள் கட்டுரை எழுதி, அதைப் பத்திரிகைகள் எடுத்துப் போட்ட பிறகு.

என்ன நடந்திருக்கிறது? ஈறை எலும்பிலிருந்து நெம்பி விலக்கும் கருவியைக் கொண்டு சலைன் பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். அரைகுறையாக மூடி வைத்துவிட்டு, மிச்ச நீரை அடுத்தடுத்தவர் வாயிலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா அந்தப் பாட்டிலில் குடியேறிவிட்டது. இதைத் துருவிக் கண்டுபிடித்த மருத்துவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் தேடியிருக்காவிட்டால் எட்டு மரணங்களும் எட்டு வீட்டுத் துக்கமாகவே முடிந்திருக்கும்.

என் கேள்வி வேறு. அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாய் திறந்தவர்கள் அந்தப் பத்துப் பேர் மட்டும்தானா? மற்றவர்களிடம் யார் போய்ச் சொன்னார்கள்?

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. மெலியாய்டோசிஸ் சில நாட்களிலும் வரலாம், உடலுக்குள் பதுங்கியிருந்து வருடங்கள் கழித்தும் வரலாம். பார்ப்பதற்குக் காசநோய் போலவே இருந்து மருத்துவரையும் ஏமாற்றும். வழக்கமாக எழுதிக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் பலவற்றுக்கு அது மசியாது. சரியான மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் பிழைக்க வழி உண்டு. காய்ச்சலோடு போய் நிற்கிற ஒருவர், "அந்த மருத்துவமனையில் பல் பிடுங்கினேன், அங்கே கிருமி இருந்ததாமே" என்று சொல்ல முடிந்தால், அந்த ஒரு வாக்கியம் அவர் உயிரைக் காப்பாற்றக்கூடும். அந்த வாக்கியத்தை அவரிடம் கொடுக்காமல் வைத்திருக்க யாருக்கு உரிமை இருக்கிறது?

1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. அறிவிக்கப்பட்ட தொற்றுநோய் கண்டால் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதாவது செய்தி மேலே போக வழி போட்டு எண்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மருத்துவர் அதிகாரிக்குச் சொல்வார், அதிகாரி இயக்குநருக்குச் சொல்வார், ஆய்வாளர் ஆய்விதழுக்குச் சொல்வார். கீழே இறங்கிவர மட்டும் பாதை இல்லை. யாருடைய உடம்போ, அவரே கடைசி. அறிவு மேலே தங்கும், கீழே இருப்பவன் கேள்வி கேட்காமல் நம்ப வேண்டும் என்ற ஏற்பாட்டை நாம் வேறு பெயரில் நன்றாக அறிவோம்.

உடனே "கிருமிக்குச் சாதி இல்லை" என்று யாராவது கிளம்புவார்கள். கிருமிக்கு இல்லை, அய்யா. செய்திக்கு இருக்கிறது. சொந்தத்தில் ஒரு டாக்டர், தெரிந்த வட்டாரத்தில் ஓர் அதிகாரி இருப்பவருக்கு அன்று மாலையே போன் வந்துவிடும். தோல் ஷாப்பில் நாள்கூலிக்கு நிற்பவருக்கு யார் போன் செய்வார்?

சாத்தூரை மறந்துவிட்டோமா? 2018 டிசம்பரில் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஹெச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றினார்கள். ரத்தம் கொடுத்த இளைஞருக்கு 2016 முகாமிலேயே தொற்று தெரியவந்தது. அந்தச் செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை. இரண்டு வருடம் கழித்து வேறு வேலைக்காக எடுத்த பரிசோதனையில் தெரிந்ததும் அவரே ஓடிவந்து, "என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றாதீர்கள்" என்று சொன்னார். அதற்குள் ஏற்றிவிட்டார்கள். மொத்த அமைப்பும் செய்யத் தவறிய வேலையை அந்த ஒரு பையன் செய்தான். அந்த மாதம் முடிவதற்குள் தற்கொலைக்கு முயன்று இறந்தும் போனான். நடவடிக்கை பாய்ந்தது ஆய்வகப் பணியாளர்கள் மீது.

எப்போதும் இதுதான் நடக்கும். தவறு வெளியே வந்தால் கருவி கழுவுபவர், வார்டு கூட்டுபவர், ஒப்பந்தத் தொழிலாளி என்று விரல் கீழேயே நீளும். ஆட்டோகிளேவில் 121 டிகிரி வெப்பம் வந்ததா, பதிவேட்டில் கையெழுத்து உண்டா, எத்தனை நோயாளிக்கு எத்தனை செட் கருவி வாங்கித் தந்தீர்கள் என்று மேலே இருப்பவரை யாரும் கேட்பதில்லை. வாணியம்பாடியில் அந்தப் பாட்டில் இருந்தது சிகிச்சை மேசையில், குப்பைத்தொட்டியில் அல்ல. டீக்கடையில் தனிக் குவளை வைத்துத் "தீட்டு" காத்த சமூகம் இது. மனிதர்களிடம் அசுத்தம் தேடிப் பழகிய கண்ணுக்குக் கருவியின் அசுத்தம் தெரியவில்லை.

சொன்னால் மக்கள் பீதியடைவார்கள் என்பதுதான் நிரந்தர பதில். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து முன்னாள் படைவீரர் மருத்துவமனையில், பல் சிகிச்சைக் கருவிகள் சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லை என்று 2010இல் தெரியவந்தது. ஆபத்து மிகக் குறைவு என்று சொல்லிக்கொண்டே 1,812 பேருக்குக் கடிதம் அனுப்பி, ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பரிசோதனைக்கு அழைத்தார்கள். கோபப்பட்டார்கள், நாடாளுமன்றம் வரை போய்க் கேள்வி கேட்டார்கள். கேட்கட்டுமே! பீதி என்று இவர்கள் பெயர் வைத்திருப்பது அந்தக் கேள்விக்குத்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஹெச்.ஐ.வி. என்ற சொல்லே ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு ஒதுக்கிவிடும் மண் இது. அதனால் வார்டில் பெயர் கூவிச் சொல்வதை நான் கேட்கவில்லை. தனியாக, நேரில், அவர் மொழியில் சொல்லுங்கள். பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம் என்று அதே மூச்சில் சொல்லுங்கள். தனியார் மருத்துவமனை என்றால் செலவை அவர்களிடம் வசூலியுங்கள்.

ஆள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டு வாசலுக்கே சர்க்கரை மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிறது இந்த அரசு. நல்ல திட்டம். மெலியாய்டோசிஸ் அதிகமாகக் கொல்வது சர்க்கரை நோயாளிகளைத்தான். அவர்கள் பெயரும் தெருவும் ஏற்கெனவே அரசின் பட்டியலில் இருக்கின்றன. மாத்திரை கொண்டுபோகிற அதே கை இந்தச் செய்தியையும் கொண்டுபோகலாம்.

தொற்று ஆபத்து உறுதியான இத்தனை நாட்களுக்குள் ஒவ்வொரு நோயாளிக்கும் தெரிவித்தாக வேண்டும், தெரிவிக்காதவர் உரிமம் இழப்பார் என்று மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தில் எழுதட்டும். அதற்கு முன்னால் வாணியம்பாடிக்கு பதில் சொல்லட்டும். அந்த மாதங்களில் அங்கே சிகிச்சை பெற்றவர்கள் எத்தனை பேர்? எத்தனை வீட்டுக் கதவைத் தட்டினார்கள்? பெயர் வேண்டாம், எண்ணிக்கையை வெளியிடுங்கள்.