ஆற்றின் கடைசி ஊர்



ஆவணி பிறந்தால் வெருகல் சித்திர வேலாயுதர் கோயிலை நோக்கி மட்டக்களப்புப் பக்கமிருந்தும் மூதூர்ப் பக்கமிருந்தும் அடியார்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். கொடியேறி, திருவிழா முடிந்து, ஆற்றில் தீர்த்தம். நாம் மூழ்கி எழும் அந்தத் தண்ணீர் வெருகலுக்கு வந்துசேர முன்னம் எங்கெங்கே போய்வந்தது? பக்திக்குக் குறுக்கே நிற்க இதைக் கேட்கவில்லை. தீர்த்தம் என்று கும்பிடுகிறவர்களுக்குத்தானே இதைக் கேட்கும் உரிமை முதலில் உண்டு?

வெருகலாறு மகாவலியின் ஒரு கிளை. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடுகிறது. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கின் மழைநீர் அதற்குள்தான் வடிகிறது. நுவரெலியாவின் உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ் தோட்டங்களைக் கழுவிவரும் நானு ஓயா, கொத்மலை ஓயாவோடு சேர்ந்து அதில் கலக்கிறது. கண்டி நகரத்துக் கழிவைச் சுமந்த மெத எல கெட்டம்பேயில் வந்து விழுகிறது. பிறகு விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை நீர்த்தேக்கங்கள். சமவெளிக்கு இறங்கியதும் பொலன்னறுவை வயல்களின் வடிச்சல். கடைசியில் ஒரு கை கொட்டியாரக் குடாவுக்குப் போக, மறு கை வெருகலில் கடலைத் தொடுகிறது. மேலே யார் எதைக் கொட்டினாலும் வந்துசேரும் இடம் நம்முடையது.

1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்தில் நீலப்பச்சைப்பாசி பொங்கிப் படர்ந்தது. மலைச்சரிவு மண்ணோடு இறங்கிய பொசுபரசுதான் பாசிக்குத் தீனி. பொசுபரசு மண்ணை ஒட்டிக்கொண்டு வரும். யூரியாவிலிருந்து உண்டாகும் நைத்திரேற்று அப்படியல்ல, தண்ணீரில் கரைந்து கிணறுவரை போய்விடும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாண்டினால் முதலில் ஆபத்து போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு. அமெரிக்காவின் மிசிசிப்பி நதியும் சோளவயல்களின் பசளையை அள்ளிப்போய், மெக்சிக்கோ வளைகுடாவில் கோடைதோறும் மீன் மூச்சுவிட முடியாத ஒரு கடற்பரப்பை உண்டாக்குகிறது. அங்கும் அடிவாங்குவது ஆற்றின் கடைசியில் வலை போடுகிறவர்தான். உல்லைக்கழிக் களப்பில் இறால் பிடிப்பவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

2006இல் வயல்களுக்குத் தண்ணீர் விடும் மாவிலாற்று மதகு மூடப்பட்டுப் போர் மீண்டும் மூண்டபோது நாட்டின் தலைவிதியே அந்த வாய்க்காலில் திரும்பியது. தண்ணீரின் அளவுக்காக அவ்வளவு நடந்த மண் இது. அதே தண்ணீரின் தரத்தைப் பற்றி ஒரு கூட்டத்திலாவது உரத்துப் பேசியிருக்கிறோமா?

பழியை விவசாயி தலையில் போடுவதும் எனக்குச் சம்மதமில்லை. 2021இல் இரசாயனப் பசளையை ஒரே அறிவிப்பில் நிறுத்தினார்கள். விளைச்சல் சரிந்தது, அதே ஆண்டு நவம்பரில் தடையையும் நீக்கவேண்டி வந்தது. வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோய்க்கு ஆய்வாளர்கள் விவசாய இரசாயனம், கடினநீர், புளோரைட்டு, வெயிலில் உடல் வற்றுதல் எனப் பலவற்றைச் சந்தேகிக்கிறார்கள். முடிவான காரணம் இன்னும் கிடைக்கவில்லை. நோய் நமது திருகோணமலை மாவட்டத்துப் பதவி சிறிபுரவிலும் இருக்கிறது. ஆக, பயமுறுத்துவதும் தடைபோடுவதும் வழியல்ல.

வழி வரம்பிலேயே இருக்கிறது. யூரியா எறிந்தபின்னும் எண்ணெய் (பூச்சிநாசினி) அடித்தபின்னும் சில நாள் வயல்வாயைக் கட்டிவைத்தால் காசு கொடுத்து வாங்கியது வயலிலேயே நிற்கும், வடிச்சலில் போகாது. மழை இருளும்போது பசளை போடாமல் இருப்பதும் அப்படித்தான். ஆற்றங்கரை மருதமரங்களையும் புல்லையும் வெட்டாமல் விட்டால் கரையும் நிற்கும், சேறும் அங்கேயே தங்கும். எண்ணெய்ப் போத்தலை வாய்க்காலில் கழுவும் பழக்கத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. யார் யார் என்று ஊருக்கே தெரியும்.

ஆனால் வெருகல் மட்டும் திருந்தினால் போதாது, நுவரெலியாவும் கண்டியும் பொலன்னறுவையும் சேரவேண்டும். அவர்களிடம் கேட்க நம் கையில் கணக்கு வேண்டும். பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி, மாடுகளை அப்புறப்படுத்தும் திகதி எல்லாம் தீர்மானிக்கிறார்கள். மாரிப்போகக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கேளுங்கள்: வெருகலாற்று நீரைப் போகத்துக்கு இரண்டு முறையாவது பரிசோதித்து, முடிவைத் தமிழில் கமநல சேவை நிலையத்தில் ஒட்டுவீர்களா? என்ன பதில் கிடைத்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் வீட்டுக் கிணற்று நீரை யாராவது கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் உங்கள் கடிதங்களுக்காக ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்