நான்கு நரம்பும் நெய்தல் பாட்டும்

பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர், எவர் எந்நாளில் எவ்விடத்தே வலை கட்டுவது என்பதைத் தம்முள் பகிர்ந்துகொள்ளும் பழைய ஒழுங்கு அது. பாட்டுரிமை உடைய எவர்க்கும் முறை தவறாது. அவர்தம் இசைக்கோ அந்த நேர்மை கிட்டவில்லை! வயலின் தமிழகத்தில் கால்வைத்து இருநூறாண்டுகள் ஆகியும், அதன் நரம்புகளில் கரைப்பாட்டின் முறை வந்தபாடில்லை.

கருவி அயலாரது, உண்மை. மணலியில் வாழ்ந்த பாலுசாமித் தீட்சிதர் (1786–1858) வெள்ளையரிடம் அதனைக் கற்றுத் தென்னாட்டு இசைக்கு இணக்கினார். இன்று அது குரல், இளி, குரல், இளி எனத் தமிழ் முறைக்கே நரம்பு கூட்டப்படுகிறது. ஆகவே கருவிமேல் பழியில்லை. பழியெல்லாம் அதனைக் கையாள்வோர்மேல்! பாடுவார் பின்னே நிழலாய் ஓடவே அதனைப் பழக்கினர். தனியரங்கில் அமர்ந்தாலும், வாய்ப்பாட்டுக்கென இயற்றப்பட்ட தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளையே பெரும்பாலும் இழைக்கின்றனர். சொல்லே இல்லாத கருவிக்கும் அயன்மொழிப் பாட்டா? இலால்குடி செயராமன் (1930–2013) தமிழிலும் வண்ணங்கள் இயற்றினார், நன்று. அவையும் பாடுதற்குரியனவே, வில்லுக்கென்றே பிறந்தவை அல்ல. 1986-இல் இளையராசா வயலினை முன்னிறுத்திப் புதுவதாய் ஓர் இசைத்தொகுப்பு படைத்தார். ‘இதற்கு எப்படிப் பெயரிடுவது?’ என்பதே அதன் பெயர்; அதையும் ஆங்கிலத்தில் அன்றோ கேட்டார்!

செபாசுதியன் பாக் 1720-இலேயே துணைக்கருவி ஏதுமின்றித் தனி வயலினுக்கென்று ஆறு இசைநூல்கள் எழுதிமுடித்தான். அங்கேரியப் பார்ட்டோக்கு, உழவர் பாட்டுகளை ஊரூராய் அலைந்து ஒலிப்பதிவு செய்தவன். 1944-இல் அவனும் தனி வயலினுக்கு ஒரு பெருநூல் இயற்றினான். ஊர்ப்பாட்டைத் தாழ்வென எண்ணாத கை அது.

இங்கோ சோழமண்டலக் கரையெங்கும் அம்பாப் பாட்டு கிடக்கிறது. ஒருவர் முன்னெடுக்க, வலையிழுப்போர் ஒருசேரப் பின்வாங்கும் பாட்டு. உழைப்பே அதன் தாளம். இழுவிசை கூடக்கூட நடை முடுகும். தனி வயலினுக்கு இதனினும் வாய்ப்பான வித்து எது? ஒரு நரம்பில் முன்பாட்டு, அடுத்த இரு நரம்பையும் ஒருங்கே தீண்டிப் பின்பாட்டு, அடிநரம்பில் ஓயாத அலை என ஒரே வில் ஒரு கரையையே எழுப்பிக் காட்டலாகும். நெய்தலுக்கென்றே விளரி யாழை வகுத்த இனத்துக்கு இது புதுமையுமன்று.

ஆனால், காலம் காத்திராது. இழுவைப் பொறியும் விசைப்படகும் வந்தபின் அம்பாவுக்கு வேலை குறைந்தது, அறிந்தோர் முதியோராகிவிட்டனர். ‘நாட்டுப்புறப் பாட்டு’ என ஒதுக்கும் இசைப்புலவர், ஒருமுறையேனும் கரைமணலில் அமர்ந்து கேட்டதுண்டா? சென்னை இசையரங்குகளிலிருந்து பழவேற்காடு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர்தான். பேருந்தும் போகிறது.